‘மலை விடல’ன்னு எழுதினா திருத்தணுமா?

கொழுந்துக்கூடை:
கோத்தகிரிப் பக்கம் எங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல போன வாரம் பக்கத்து லைன் வீட்டு அக்கா, தேயிலை பறிக்கிறவங்க, போட்டது: "கட்டபெட்டு தாண்டி வளைவுல மரம் விலுந்து கெடக்கு. மலை விடல. பஸ் வராது."
அடுத்த நிமிஷமே ஒரு பதில்: "விழுந்து. மழை."
கீழ வரிசையா சிரிப்பு பொம்மை. ஒருத்தர், "மலை எங்கக்கா விடும், அது பாட்டுக்கு நிக்குது"ன்னார். எந்த வளைவுன்னு யாரும் கேக்கல. அக்கா அதோட எழுதுறதையே விட்டுட்டாங்க. இப்படித் திருத்தி என்ன கண்டோம்?

ஒற்றுமிகும்:
கேலி பண்ணினது தப்பு. திருத்தினதையும் அதோட சேர்த்து மூட்டை கட்டாதீங்க. நான் தமிழ் வாத்தியார். 'ற்' பக்கத்துல இன்னொரு ஒற்று நிக்காதுன்னு வருஷம் பூரா சொல்றேன். பையன் 'முயற்ச்சி'ன்னுதான் எழுதுறான். கேட்டா, "ஃபோன்ல எல்லாரும் அப்படித்தான் சார் போடுறாங்க."

ஹட்டிக்காரன்:
சார், எங்க வீட்ல படுக மொழி. தமிழ் எழுத்துலதான் மெசேஜ் போடுவோம். ஊரை 'ஹட்டி'ம்போம். ஒருத்தர் வந்து அதை 'அட்டி'ன்னு திருத்திட்டுப் போறார். எங்க ஊரை எப்படிச் சொல்றதுன்னு எங்களுக்கே பாடம்!

ஒற்றுமிகும்:
அது அறியாமை, திருத்தம் இல்ல.

குன்னூர்க் குளிரு:
எங்க தாத்தா 'லை'க்குப் பழைய மாதிரி தும்பிக்கைச் சுழி போட்டுத்தான் எழுதுவார். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு அப்புறமும் மாத்தல. யாரும் அவர் கடுதாசியைத் திருப்பி அனுப்பலயே?

ஒற்றுமிகும்:
எழுத்து வடிவம் வேற, எழுத்துப்பிழை வேற. குழப்பாதீங்க. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த ஊர் இது. "மேல மலை இறங்குது"ன்னு ஒருத்தர் போட்டா, மழையா மண்சரிவா? அங்க ழகரம் உயிர் விஷயம்.

கொழுந்துக்கூடை:
அப்படின்னா "மழையாக்கா, மண்ணு சரியுதா?"ன்னு கேளுங்க. கேக்குறதுக்கும் திருத்துறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அவங்க டைப் பண்றதைப் பார்த்திருக்கேன். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, வெடிப்பு. டச் எடுக்காது. முந்தானையில துடைச்சுத் துடைச்சு ஒவ்வொரு எழுத்தா அழுத்துவாங்க. அந்த மூணு வரிக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! சொல்லியே ஆகணும்னா தனியா ஒரு மெசேஜ் போடுங்க.

ஒற்றுமிகும்:
எல்லாத்தையும் தனியாச் சொன்னா மத்தவன் எப்படிக் கத்துக்குவான்? ஒருத்தருக்குச் சொன்னா பத்துப் பேர் படிப்பாங்க.

ஹட்டிக்காரன்:
பத்துப் பேர் சிரிச்சாங்க சார். அதான் நடந்தது.

ஒற்றுமிகும்:
சரி, மரம் எங்கன்னு முதல்ல கேட்டிருக்கணும். ஒத்துக்கிறேன். ஆனா 'விலுந்து' இன்னும் அங்கேயே கிடக்கே. அக்காவை எடிட் பண்ணச் சொல்லுங்க.

குன்னூர்க் குளிரு:
வாட்ஸ்அப்ல 15 நிமிஷம்தான் சார் எடிட். மரத்தையே எடுத்தாச்சு.