ஒன்ராறியோவில் ஃபியூனரல் டைரக்டர் படிப்பு: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்காபரோ மகள்:
12ஆம் வகுப்பு முடிக்கப்போகிறேன். ரொறன்ரோவில் உள்ள ஹம்பர் கல்லூரியில் ஃபியூனரல் டைரக்டர் (இறுதிச்சடங்கு ஏற்பாடுகளைச் செய்பவர்) படிக்க விருப்பம். "பொம்பிளைப் பிள்ளைக்குச் செத்தவீட்டு வேலையா?" என்று அம்மா அழுகிறார். அங்கே என்ன படிப்பிக்கிறார்கள்?

கௌரி அக்கா:
தங்கச்சி, நான் இதே தொழிலில்தான் இருக்கிறேன். கிளாஸ் 1 உரிமம் இருந்தால் எம்பாமிங், அதாவது உடல் கெடாமல் பதப்படுத்தும் வேலை, செய்யலாம், கிளாஸ் 2க்கு அந்த அனுமதி இல்லை. முதலில் அதைத் தீர்மானியுங்கோ. எம்பாமிங்குக்கு உடற்கூறு நன்றாகத் தெரியவேண்டும். கழுத்துத் தமனி வழியே ஃபார்மலின் கலந்த திரவத்தை ஏற்றி, பக்கத்துச் சிரையால் இரத்தத்தை வெளியேற்றுவோம். அப்புறம் முகம். நோயில் வற்றிப்போன கன்னத்தை நிரப்பி, பிள்ளைகளுக்குத் தெரிந்த அப்பாவாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். எங்கள் தோல் நிறத்துக்குப் பூச்சுக் கலக்கத் தனியாகப் பழகுங்கோ. சட்டம், கணக்கு, துக்கத்தில் இருப்பவர்களோடு பேசும் முறை எல்லாம் உண்டு. பயிற்சிப் பணியும் செய்யவேண்டும்.

வன்னியன்:
எம்பாமிங் கட்டாயமா அக்கா?

கௌரி அக்கா:
சட்டப்படி இல்லை, தம்பி. லண்டனிலிருந்து மகன் வரும்வரை வைத்திருந்து பார்வைக்கு வைப்பதால்தான் பலர் கேட்கிறார்கள். ஃபியூனரல் ஹோம்காரர் விலைப்பட்டியலை இலவசமாகத் தரவேண்டும், கேட்டு வாங்குங்கோ. இறந்தவருக்குப் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கோ. எரிக்கும்போது பற்றரி வெடிக்கும், அதனால் முன்பே எடுத்துவிடுவோம்.

தங்கச்சி, அம்மாவை என்னோடு பேசச் சொல்லுங்கோ. ஆச்சியைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தப் பெண் ஒருவர்தான் வேண்டும் என்று குடும்பங்கள் கேட்கின்றன.