இர்விங் பென் கண்காட்சி: அம்மாவை அழைத்துப் போகலாமா?

எடிசன்வாசி:
ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென்னின் நூற்றாண்டுக் கண்காட்சி நடக்கிறது. ஜூலை 30, 2017 கடைசி நாள். "துணி விளம்பரம் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்கிறார் அம்மா. முழங்கால் வலி வேறு. போகலாமா?

ஸ்டுடியோக்காரர் மகன்:
தாராளமாகப் போங்கள். அப்பா காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அதனால் உள்ளே நுழைந்ததும் என் கண் படங்களுக்குப் போகவில்லை, அங்கே மாட்டியிருந்த திரைக்குத்தான் போனது. பாரிஸில் கிடைத்த பழைய நாடகத் திரை. 1950இல் வோக் ஃபேஷன் இதழுக்காக அதன் முன் மாடல்களை நிறுத்திய பென், பிறகு அதைக் கைவிடவே இல்லை. திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம், அவ்வளவுதான். எங்கள் கடைத் திரையில் மாளிகை, படிக்கட்டு, ரோஜாத்தொட்டி எல்லாம் இருக்கும். ஆள்தான் சிறுத்துப் போவார்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். விலையுயர்ந்த கவுன்களில் மாடல் லிசா ஃபோன்சாக்ரீவ்ஸ் நின்ற அதே பாரிஸ் மாடி ஸ்டுடியோவுக்கு ரொட்டி சுடுபவரும் கசாப்புக்காரரும் வேலை உடுப்போடு, கையில் கருவியோடு வந்து நின்றார்கள். வெளிச்சத்தில் ஓரவஞ்சனை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தவை குஸ்கோ படங்கள். 1948 டிசம்பரில், பெரு நாட்டின் அந்த மலை நகரத்தில் உள்ளூர் போட்டோக்காரரின் ஸ்டுடியோவை பென் வாடகைக்குப் பிடித்தார். கிறிஸ்துமஸ் சமயம். காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களுக்கு இவர் காசு கொடுத்து நிற்கவைத்தார். சீசனில் கடையை இன்னொருவரிடம் விட என் அப்பா சம்மதித்திருக்க மாட்டார்! அந்தப் படங்களில் வெறுங்காலோடு கைகோத்து நிற்கும் இரண்டு குழந்தைகளைத் தவறவிடாதீர்கள். பிளாட்டினம் உப்பைக் கையால் பூசிய தாளில் பிற்பாடு அச்சிட்டவை. கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு தெரியும்.

வடபழனி வாசகி:
எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது. இரண்டு தட்டிகளுக்கு இடையே இடுக்கில் நிறுத்தப்பட்ட எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டிக்கும் ஓவியர் மார்செல் டூஷாமுக்கும் பெயர் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் வெறும் 'குஸ்கோ குழந்தைகள்'. ரொட்டிக்காரர் வெறும் ரொட்டிக்காரர். வெளிச்சத்தில் ஓரவஞ்சனை இல்லாமல் இருக்கலாம், தலைப்பில் இருக்கிறதே ஐயா.

ஸ்டுடியோக்காரர் மகன்:
மறுக்க முடியவில்லை, அம்மா. எங்கள் கடையில் கைக்குழந்தைக்குக்கூட ரசீதில் பெயர் எழுதுவார் அப்பா. நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

எடிசன் நண்பருக்கு: வெள்ளி, சனியில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள்.

எடிசன்வாசி:
சனிக்கிழமை போய்வந்தோம். கவுன்களை அம்மா நின்றுகூடப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைகளின் முன் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். ரயிலில் திரும்பும்போது, "அதுகளுக்கு ஒரு பிரதி கொடுத்திருப்பாரா?" என்று கேட்டார்.