ஃபோல்டி டவர்ஸ்: திருமதி ரிச்சர்ட்ஸ் வந்து தங்கும் அத்தியாயம்

கேள்வி: உப்புவெளிக்காரன்

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம். மாரி தொடங்கி விடுதிகளில் ஆள் குறைந்துவிட்ட இந்த நாட்களில், ஃபோல்டி டவர்ஸ் என்ற பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த ‘தொடர்பாடல் சிக்கல்கள்’ என்ற அத்தியாயத்தை, எங்கள் விடுதியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பொடியன்களோடு இருந்து மறுபடியும் பார்த்தேன். பி.பி.சி.யில் 1975இல் ஆறும் 1979இல் ஆறுமாக மொத்தம் 12 அத்தியாயங்களே வந்த தொடர் அது. இந்த அத்தியாயம் 1979ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஒளிபரப்பானது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கில் டோர்க்கீ என்ற கடற்கரை ஊரில் பாசில் ஃபோல்டியும் அவருடைய மனைவி சிபிலும் நடத்தும் விடுதிக்கு, காது மந்தமான, எதிலும் குறை காண்கின்ற திருமதி ரிச்சர்ட்ஸ் என்ற வயதான அம்மையார் வந்து சேர்கிறார். காதுக் கருவி வைத்திருக்கிறார். ஆனால் பற்றரி தீர்ந்துவிடும் என்று அதைப் போடாமலே வைத்திருக்கிறார். கடல் தெரியும் அறை கேட்டுத்தான் பதிவு செய்திருந்தேன், இங்கிருந்து கடல் எங்கே தெரிகிறது என்று அவர் கேட்க, நிலத்துக்கும் வானத்துக்கும் நடுவில் தெரிகிறதே அதுதான் கடல் என்று பாசில் காட்டுகிறார். அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும் என்கிறார் அம்மையார். டோர்க்கீ விடுதி ஒன்றின் யன்னலில் சிட்னி ஒப்பரா மண்டபமா தெரியும் என்று பாசில் எரிந்து விழுகிறார்.

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் விடுதி வைத்திருப்பவர்கள் எவருக்கும் இந்தக் காட்சி அந்நியமாக இராது. அறையிலிருந்து புறாத்தீவு தெரியவில்லை என்று முகம் சுளித்தவர்களுக்கு நானும் பதில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இம்முறை பார்க்கும்போது ஒன்று மனதை உறுத்தியது. காசு கட்டியவர் கேட்டது கிடைக்கவில்லை என்று சொல்கிறார். அதில் என்ன பிழை? அப்படியிருக்க நாம் ஏன் பாசிலின் பக்கம் நின்று சிரிக்கிறோம்? இந்த அத்தியாயத்தின் உயிர் உண்மையில் எங்கே இருக்கிறது என்று உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில்: உவர்மலை நாடகப் பிரியை

வணக்கம் அண்ணா. அந்த அறைக் காட்சியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அத்தியாயத்தைத் தாங்கி நிற்பது திருமதி ரிச்சர்ட்ஸ் அல்ல, பாசில் மனைவிக்கு மறைத்துக் கட்டிய குதிரைப் பந்தயம்தான் என்பது என்னுடைய எண்ணம். டிராகன்ஃபிளை (தும்பி) என்ற குதிரையில் அவர் 75 பவுண் வெல்கிறார். பந்தயமே கட்டக்கூடாது என்பது சிபிலின் கட்டளை. ஆகவே அந்தப் பணம் தன்னுடையது என்று சொல்லப் பணிப்பெண் பொலி சம்மதிக்க வேண்டியதாகிறது, ஆங்கிலம் சரியாக விளங்காத ஸ்பானியப் பணியாள் மனுவேலுக்கு வாயைத் திறக்காதே என்று கட்டளையிட வேண்டியதாகிறது, பணத்தை விடுதியிலேயே தங்கியிருக்கும் மறதிக்காரரான மேஜரிடம் ஒளித்துவைக்க வேண்டியதாகிறது. சரியாக இந்த நேரத்தில்தான் திருமதி ரிச்சர்ட்ஸ் தன்னுடைய 85 பவுணைக் காணவில்லை என்று கூக்குரல் போடுகிறார்.

வென்ற குதிரையின் பெயர் என்ன என்று சிபில் கேட்கும் இடத்தைத் திரும்பவும் பாருங்கள். பொலிக்குப் பெயர் நினைவில் இல்லை. சிபிலின் முதுகுக்குப் பின்னால் பாசில் கையைக் காலை ஆட்டித் தும்பியாகப் பறந்து காட்ட, பொலி ஒவ்வொரு பிழையான பெயராகச் சொல்லித் தடுமாறி, ஒருவாறு சரியான பெயருக்கு வந்து சேர்கிறாள். அடுத்து, பணம் பாசிலுடையதுதான் என்று நிறுவ மனுவேலின் சாட்சி தேவைப்படும் கட்டம். தான் கட்டளையை மறக்கவில்லை என்ற பெருமையோடு அவன் நிமிர்ந்து நின்று, எனக்கு ஒன்றுமே தெரியாது என்கிறான். சொன்னதை அப்படியே செய்யும் ஒருவனாலேயே பாசில் கெட்டுப்போகிறார். ஜோன் கிளீஸும் கொனி பூத்தும் எழுதிய கதையமைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். நாம் பாசிலோடு சேர்ந்து சிரிப்பதற்குக் காரணம் அவருடைய இரகசியம் நமக்கும் தெரியும் என்பதுதான். அது வெளிப்பட்டுவிடக் கூடாதே என்று அவரோடு சேர்ந்து நாமும் பதறுகிறோம்.

பதில்: நிலாவெளி வாசகி

என்னுடைய அம்மா காதுக் கருவி பாவிக்கிறவர் என்பதால் இந்த அத்தியாயத்தைத் தயக்கத்தோடுதான் பார்த்தேன். செவிப்புலன் குறைவைக் கேலி செய்யவில்லை, கருவியைப் போட மறுக்கும் பிடிவாதத்தைத்தான் கேலி செய்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பாத்திரத்தை ஏற்ற ஜோன் சாண்டர்சன், இரக்கத்துக்கு ஓர் இடமும் வைக்காமல், தான் சொல்வதே சரி என்ற தோரணையை முழு நேரமும் விடாமல் நடித்திருப்பதால்தான் அது தாங்குகிறது. ஆனால் பாசில் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, அவர் கருவியின் ஒலியைக் கூட்டிய பிறகு காதில் கத்தும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்கு அந்த நோவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பதில்: தோஹாவிலிருந்து திருமலையான்

மனுவேலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடாவில் விடுதி வேலைக்கு வந்த முதல் மாதங்களில், மேலாளர் சொல்வது பாதி விளங்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அனுபவம் எனக்கும் உண்டு. அதனால் அவன் அடிவாங்கும் இடங்களில் என்னுடைய மனம் அவனிடம்தான் போகும். அந்த வேடத்தை ஏற்ற ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்து, நாட்சிகளின் கொடுமையிலிருந்து தப்பி 1938இல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்தவர். புதிய மொழிக்குள் வந்து விழுந்த ஒரு பிள்ளையின் பதற்றத்தை அவர் அறிந்திருந்தார் என்றே நான் நம்புகிறேன். மனுவேலின் கண்களில் அது தெரிகிறது. ஆரம்பத்தில் அவனும் திருமதி ரிச்சர்ட்ஸும் ஒருவரையொருவர் விளங்காமல் பேசி, இல்லாத ஒரு மனிதரையே உண்டாக்கிவிடும் காட்சிதான் என்னைப் பொறுத்தவரை அத்தியாயத்தின் உச்சம்.

உப்புவெளிக்காரன்

உறவுகளுக்கு நன்றி. நாடகப் பிரியை தங்கச்சி சொன்னதை வைத்துக் கடைசிக் காட்சியை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். அம்மையார் கடையில் மறந்துவிட்டு வந்த பணம் அவர் வாங்கிய பூச்சாடியோடு திரும்பி வருகிறது. பாசில் முதன்முறையாக வென்றுவிட்டோம் என்று துள்ளுகிறார். அந்த நொடியில் மேஜருக்கு ஞாபகம் திரும்பி, குதிரையில் வென்ற காசைச் சிபிலின் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். பூச்சாடியும் விழுந்து நொருங்குகிறது. எங்கள் பொடியன்கள் அதிகம் சிரித்ததும் அந்த இடத்தில்தான். நிலாவெளி அக்கா சொன்ன காட்சியில் அவர்களும் பேசாமல் இருந்தார்கள்.