மர்மராய் ரயில்: ஒரே நிலையம் போனோம், பயண அட்டையில் முழுத்தொகை போய்விட்டது. என்ன செய்ய?

கீழக்கரை:
அஸ்ஸலாமு அலைக்கும். இஸ்தான்புல்லில் நாலு பேர் இருக்கிறோம். ஆசியக் கரை உஸ்குதாரில் மர்மராய் ரயில் ஏறி, கடலுக்கு அடியில் போய், அடுத்த நிலையமான ஐரோப்பாக் கரை சிர்கெஜியில் இறங்கினோம். ஊர்க்கோடி வரை போன மாதிரி காசு பிடித்திருக்கிறது. அட்டை கோளாறா? இன்னொன்று, உம்மாவுக்கு முட்டுவலி. சிர்கெஜியில் மேலே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திரும்பிப் போக வேறு வழி உண்டா?

தொண்டி:
வ அலைக்கும் ஸலாம். அட்டையில் கோளாறு இல்லை காக்கா. மர்மராயில் தூரத்துக்கு ஏற்ற கட்டணம். நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என்று நுழைவுக் கதவுக்குத் தெரியாது. அதனால் கெப்ஸே முதல் ஹல்கலி வரை, 43 நிலையத்துக்கான முழுத்தொகையை முதலிலேயே எடுத்துவிடும். இறங்கியதும் வெளியேறும் வழியில் 'இயாதெ' என்று எழுதிய சின்னக் கருவி இருக்கும். இயாதெ என்றால் திருப்பித் தருதல். அதில் அட்டையைத் தொட்டால் மிச்சம் அட்டையிலேயே ஏறும். வெளியேறும் கதவு அட்டை கேட்காது, அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் அதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

நாலு பேரும் ஒரே அட்டையிலா போனீர்கள்? ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள், இயாதெயில் குழப்பம் வராது. காசு ஏற்றும் இயந்திரம் மீதி தராது, போட்ட நோட்டு முழுக்க ஏறிவிடும். பெரிய நோட்டைப் போட வேண்டாம்.

கீழக்கரை:
ஒரே அட்டைதான். அப்போ நேற்றுப் போன காசு?

தொண்டி:
போனது போனதுதான். இறங்கிய இடத்திலேயே, அப்போதே தொட வேண்டும்.

மண்டபம்:
முட்டுவலிக்கு வருகிறேன். சிர்கெஜி பழைய ஊருக்கு அடியில் குடைந்த நிலையம், சுமார் 60 மீட்டர் ஆழம். நம்ம கடல் கணக்கில் முப்பத்து மூன்று பாகம் (ஒரு பாகம் என்றால் இரு கை விரித்த நீளம்)! நகரும் படிகள் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். லிப்ட் உண்டு, தேடிப் பிடியுங்கள். உஸ்குதாரும் யெனிகாப்பியும் மேலிருந்து வெட்டி மூடிக் கட்டியவை, அந்த அளவு ஆழம் கிடையாது. அதனால் சிர்கெஜியில் இறங்காமல் இன்னும் ஒரு நிலையம் தள்ளி யெனிகாப்பியில் இறங்குவது உம்மாவுக்கு நல்லது.

திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். உஸ்குதாரிலிருந்து ஐரோப்பாப் பக்கம் போக ஹல்கலி அல்லது அதாகோய் என்று போட்ட வண்டி. திரும்ப கெப்ஸே அல்லது பெந்திக். பாதி வழியில் நிற்கும் வண்டியானாலும் இவை எல்லாமே கடலைக் கடக்கும், விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

தேவிபட்டினம்:
அண்ணே, டாக்சிக்காரர் சுரங்கம் வழியாகவே கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாரே, அதுவும் இதுதானா?

மண்டபம்:
இல்லை தம்பி. அது 2016 கடைசியில் திறந்த அவ்ராஸ்யா சுரங்கம், கார் போன்ற சாலை வண்டிகளுக்கு. சுங்கம் தனி. ரயில் சுரங்கம் 2013 அக்டோபர் 29-ல் திறந்தது. கடலுக்கு அடியில் இருக்கும் பகுதி 1.4 கிலோமீட்டர்தான், நம்ம பாம்பன் பாலத்தைவிடக் குட்டை. கரையில் வார்த்த 11 கான்கிரீட் குழாய்களைக் கடலில் மிதக்கவிட்டு இழுத்துவந்து, கடல்தரையில் தோண்டிய பள்ளத்தில் இறக்கி, ஒன்றோடொன்று பூட்டி மேலே மூடினார்கள். நிலநடுக்கத்துக்கு வளைந்து கொடுக்கிற மாதிரி இணைப்பு வைத்திருக்கிறார்கள்.

பாம்பன் ஞாபகத்தில் ஜன்னலோரம் இடம் பிடிக்க வேண்டாம். நாலு நிமிஷம் கருப்புச் சுவர்தான்.

தொண்டி:
காக்கா, திரும்பும்போது ரயிலே வேண்டாமே. சிர்கெஜியிலிருந்து எமினோனு படகுத்துறை நடக்கிற தூரம். அங்கிருந்து உஸ்குதாருக்குப் படகு, அதே அட்டை செல்லும். படி ஏறி இறங்கும் வேலை குறைவு, உம்மாவுக்குக் கடலும் தெரியும். இயாதெயும் தேட வேண்டியதில்லை.

கீழக்கரை:
ஜஸாக்கல்லாஹ் கைர். போக யெனிகாப்பி, வர படகு. உம்மா படகு என்றதும் சரி என்றுவிட்டார்.