கப்பில் குமிழி, விட்டு விட்டு ஸ்ப்ரே: கழுவியும் சரியாகவில்லை

கேள்வி:
என்னிடம் இருப்பது பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்: கப் மேலே இருக்கும் கிராவிட்டி வகை, 1.3 மிமீ நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனை). 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சு) அடித்தபின் கன்னை அப்படியே தின்னரில் ஒரு இரவு ஊறப்போட்டேன். இப்போது ட்ரிக்கரை அழுத்தினால் கப்பில் குமிழி வருகிறது, ஸ்ப்ரே துடிக்கிறது. ஃபேன் (ஸ்ப்ரே விரியும் வடிவம்) பிறை மாதிரி ஒரு பக்கம் வளைகிறது. ட்ரிக்கரை விட்டாலும் நுனியில் சொட்டுகிறது. கன்னை மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். குமிழி வந்தால் காற்று பெயிண்ட் வழிக்குள் ஏறுகிறது என்று அர்த்தம். நாசில் சரியாக முறுகவில்லை, அல்லது அது உட்காரும் இடத்தில் காய்ந்த கிளியர் ஒட்டியிருக்கிறது. கழற்றும் வரிசை: முதலில் ஏர் கேப் (நாசிலைச் சுற்றியுள்ள முன் மூடி), அடுத்து பின்பக்கக் குமிழ், ஸ்பிரிங், நீடில் (நாசிலைத் திறந்து மூடும் ஊசித் தண்டு). கடைசியாகத்தான் நாசில், அதுவும் கன்னோடு வந்த ஸ்பேனரில். நீடில் உள்ளே இருக்கும்போது நாசிலைத் திருகினால் நுனி அடிபடும். மாட்டும்போது நாசில் முதலில், நீடில் பிறகு. கப் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்தாலும் ஸ்ப்ரே துடிக்கும்.

பிறைக்கு ஒரு சோதனை: ஏர் கேப்பை அரைச் சுற்று திருப்பி அடியுங்கள். பிறையும் திரும்பினால் கேப்பின் கொம்புத் துளை (முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரு கொம்புகளில் உள்ள காற்றுத் துளை) அடைப்பு. திரும்பாவிட்டால் கோளாறு நாசில் நுனியில். கேப்பை மட்டும் தின்னரில் ஊறவைத்து, மரப் பல்குச்சியால் எடுங்கள். ஊசி, கம்பி வேண்டவே வேண்டாம், துளை கொஞ்சம் பெரிதானாலே அந்த கேப் போச்சு.

பதில் 2:
முழுக் கன்னை ஊறப்போட்டதுதான் வினை. பேக்கிங்கும் (நீடிலைச் சுற்றியுள்ள கசிவுத் தடுப்பு) ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) ஊதிவிடும், கரைந்த பெயிண்ட் காற்று வழிக்குள் போய்க் காயும். அடுத்த முறை கழுவும்போது தின்னரை ஒரேயடியாக 200 மிலி ஊற்றாமல், 50 மிலி வீதம் மூன்று தடவை விட்டு அடியுங்கள். கடைசித் தடவை நிறமில்லாமல் வரவேண்டும். பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது கன்னின் மூக்கு கீழ்நோக்கியே இருக்கட்டும். ஹார்டனர் கலந்தது கன்னுக்குள் இறுகிவிட்டால் தின்னருக்கு மசியாது. கையுறையும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கழுவும்போதும் தேவை.

கேட்டவர்:
நாசில் அடியில் கிளியர் படிவு இருந்தது. எடுத்து முறுக்கியதும் குமிழி நின்றது. கேப்பைத் திருப்பினால் பிறையும் திரும்பியது, துளையைச் சுத்தம் செய்ததில் ஃபேன் நேராகிவிட்டது. சொட்டு மட்டும் நிற்கவில்லை.

பதில் 1:
பேக்கிங் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஊதிய பேக்கிங் நீடிலைப் பிடித்துக்கொண்டால் நீடில் முழுக்க முன்னே வந்து நாசிலை மூடாது. தளர்த்தியதும் சொட்டு நின்றால் பேக்கிங் மாற்றினால் போதும். நிற்காவிட்டால் நீடில் நுனியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வளையம் போல வரி தட்டினால் நீடிலும் நாசிலும் ஜோடியாகவே மாற்றணும், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி சொட்டும்.

பதில் 2:
நீடில் தண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் சிலிகான் இல்லாத கன் கிரீஸ் ஒரு துளி. சிலிகான் கலந்ததைத் தடவினால் அடுத்த கிளியரில் மீன்கண் மாதிரி குழி விழும்.