விமானம் இறங்கும் நேரத்தில் பைலட்டைக் கூப்பிடலாமா?

கோத்தகிரி அக்கா:

கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் விமானத்தில் கேபின் க்ரூவாக இருந்தேன். லேண்டிங் அனுபவம் கேட்டதால் எழுதுகிறேன், கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம்.

கோவைக்கு வருகிற சாயங்கால ஃபிளைட், ஐப்பசி மழை. 10,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் பாதுகாப்பு விஷயம் தவிர வேறெதற்கும் காக்பிட்டைக் கூப்பிடக் கூடாது, பைலட்டுகளும் தங்களுக்குள் ஊர்க்கதை பேசக் கூடாது. ஸ்டெரைல் காக்பிட் என்பார்கள். அன்றைக்கு முன் வரிசையில் ஊட்டிக்குப் போகிற ஒருவர், மடியில் இரண்டு போன். பர்லியார் பக்கம் மண் சரிந்திருப்பதாகக் கிளம்பும்போதே செய்தி வந்துவிட்டதாம். "ரோட்டை மூடிடுவாங்கம்மா, கரெக்டா எத்தனை மணிக்கு இறங்குவோம்னு கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு" என்று புதிதாகச் சேர்ந்த பெண்ணை விடவே இல்லை. அவளும் பாவம், இன்டர்காமை எடுத்தே விட்டாள். நான் அதை வாங்கி மாட்டிவிட்டு, "இறங்கினதும் தெரிஞ்சிடும் சார், பெல்ட்டைப் போடுங்க" என்றேன். முறைத்தார்.

ரன்வே விளக்கு தெரிய வேண்டிய நேரத்தில் இன்ஜின் திடீரென்று உறுமி, மூக்கு மேலே தூக்கி, காலடியில் சக்கரம் மறுபடி உள்ளே போகிற சத்தம். கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே போய்ச் சுற்றி வருவது. பின்னால் ஒரு பாட்டி "முருகா முருகா" என்று கத்த, இரண்டு குழந்தைகள் அதைப் பார்த்து அழ ஆரம்பித்தன. ஒரு சுற்று சுற்றி அடுத்த முறை பூப்போல இறங்கினோம். எல்லாரும் போன அப்புறம் கேப்டனிடம் கேட்டேன். வேகம் குறைய இறக்கையிலிருந்து ஃபிளாப் என்கிற தகடுகளை இறக்க வேண்டிய நேரத்தில் விமான நிலைய டவரிலிருந்து காற்றைப் பற்றி ஏதோ சொன்னார்களாம், சரியாகக் கேட்காமல் திரும்பக் கேட்டதில் அந்த வேலை தள்ளிப்போய், வேகம் குறையவே இல்லை. "ஆயிரம் அடிக்கு வந்தும் வேகம் கணக்குக்குச் சேரலை, மேலே போயிட்டோம்" என்றார், அவ்வளவுதான். டவரோடு பேசுவது அவர்கள் வேலை, அதுவே இப்படி இழுத்துவிடுகிறது. அதே நேரம் நாங்களும் இன்டர்காமில் மணி கேட்டிருந்தால்?

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அமெரிக்க மயாமி விபத்துக் கதையை மறக்கவே முடியாது. 1972 டிசம்பர் 29, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401, அப்போது புத்தம்புது டிரைஸ்டார் ரக விமானம். முன் சக்கரம் இறங்கியதைக் காட்டுகிற பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடிக்கு ஏறி ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு, ஒருவர் பல்பைக் கழற்றப் பார்க்கிறார், ஒருவர் சக்கரத்தை எட்டிப் பார்க்கக் கீழ் அறைக்கு இறங்குகிறார். உயரத்தைப் பிடித்து வைத்திருந்த அமைப்பு எப்படியோ விடுபட்டு விமானம் மெல்ல மெல்லக் கீழே போவதை ஒருவரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கை மணிகூட அடித்திருக்கிறது. இருட்டுச் சதுப்பில் விழுந்து 101 பேர் போனார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது, பல்புதான் ஃபியூஸ். இரண்டு வருஷம் கழித்து சார்லட் நகரில் இன்னொரு விமானம், மூடுபனியில் அரசியலும் பழைய கார் விலையும் பேசிக்கொண்டே இறங்கி விழுந்தது. இந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம்தான் 1981-ல் அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே போட்டார்கள்.

மலைப்பேருந்து:

அக்கா, எங்க அப்பா வத்தலக்குண்டு – கொடைக்கானல் ரூட்டில் அரசு பஸ் ஓட்டினவர். டிரைவர் தலைக்கு மேலே "ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்" என்று எழுதியிருக்கும், அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் முன் சீட்டுக்காரர் வாழைக்காய் விலை கேட்பார். அப்பா நேர் ரோட்டில் பதில் சொல்லுவார், வளைவு வந்தால் வாயே திறக்க மாட்டார், அப்படி ஒரு ஆள். அதனால் எனக்கு இது ஒன்றும் புதுசாகத் தெரியவில்லை. என் கேள்வி வேறு. நம்மைப் போனை அணைக்கச் சொல்கிறார்களே, பைலட் அணைக்கிறாரா? 2010-ல் சிங்கப்பூரில் ஜெட்ஸ்டார் விமானம் இறங்கும்போது கேப்டன் போனில் மெசேஜ் வந்து கொண்டே இருக்க, அவர் அதை அணைக்கப் போராட, சக்கரத்தை இறக்குவதே விட்டுப்போய் 400 அடி வரைக்கும் வந்து திரும்ப மேலே போயிருக்கிறார்கள். உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் விசாரணை அறிக்கையைப் படித்தால் வயிற்றைக் கலக்கும்.

வெலிங்டன் பஜார்:

இந்தப் பேச்சை எடுத்தாலே எங்கள் பக்கத்தில் 2021 டிசம்பர் 8, குன்னூர் பக்கத்து நஞ்சப்பசத்திரம்தான் ஞாபகம் வரும். தளபதி ராவத் வந்த ஹெலிகாப்டர். அதை இதோடு சேர்க்காதீர்கள். திடீரென்று மேகத்துக்குள் போய் மேல் கீழ் தெரியாமல் மலையில் மோதியது என்றுதான் விமானப்படை விசாரணையில் சொன்னார்கள். கவனம் சிதறுவது வேறு, கண்ணை மேகம் கட்டுவது வேறு.

எனக்கு உறுத்துவது மங்களூர் விமான விபத்து. 2010 மே 22, 158 பேர் இறந்தார்கள். கேப்டன் வழியில் நன்றாகத் தூங்கி எழுந்தவர், விமானம் ரொம்ப உயரத்தில் வருகிறது, பக்கத்தில் இருந்தவர் கோ-அரவுண்ட் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், எந்திரமும் கத்துகிறது, அவர் விடவில்லை. பெரியவர் முடிவு பண்ணினால் சின்னவர் எப்படிக் கையைப் பிடிப்பது? நம் ஆபீஸ்களில் தினம் நடக்கிறதுதானே.

அப்புறம் அக்கா, பயணி நாங்கள் ஏதாவது தப்பாகப் பார்த்தால்? தொந்தரவு என்று சும்மா இருந்துவிடுவதா?

கோத்தகிரி அக்கா:

ஐயோ இல்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதிதான். 1989 ஜனவரியில் இங்கிலாந்தில், கெக்வொர்த் பக்கம், பிரிட்டிஷ் மிட்லாண்ட் விமானத்தில் இடது இன்ஜினில் கோளாறு. பைலட்டுகள் தவறுதலாக நன்றாக இருந்த வலது இன்ஜினை நிறுத்திவிட்டு, வலது பக்கம் பிரச்சினை என்று மைக்கிலும் சொன்னார்கள். முடிவைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது ரேடியோவில் கூப்பிட்டு அது கலைந்து போனது. பின்னால் இருந்தவர்கள் இடது இன்ஜினில் தீயைக் கண்ணால் பார்த்தார்கள், க்ரூவில் மூன்று பேர் உட்பட. ஒருவரும் முன்னால் சொல்லவில்லை. பைலட்டுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்கள். ரன்வேயை நெருங்கும்போது இடது இன்ஜினும் நின்று, 47 பேர் இறந்தார்கள்.

மணி என்ன, டாக்ஸி வந்துவிட்டதா, வீல்சேர் எத்தனை, இதெல்லாம் இறங்கின பிறகு. புகை வாசனை, தீ, இறக்கையில் ஏதாவது தொங்குகிறது என்றால் பெல்லை அடியுங்கள், க்ரூ வரவில்லை என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டுச் சொல்லுங்கள். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.