பிரெஞ்சுப் பேச்சு, பிரெஞ்சுப் படம்: பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். இயற்பியல் மாணவன், பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. பிரெஞ்சுத் துறை வாசலில் 'கான்ஃபெரான்ஸ்' என்று அடிக்கடி அறிவிப்பு ஒட்டுவார்கள். இரண்டு நாள் கருத்தரங்கு, பதிவுக் கட்டணம், கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாம் இருக்கும் என்று நினைத்து, மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு தோழி சொன்னாள்: பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் சாதாரண உரை என்றும் பொருளாம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாமாம்.

போனேன். மொத்தம் பன்னிரண்டு பேர். சினிமாவின் தொடக்க காலத்தில் படம் எடுத்துக் காட்டிய லூமியேர் சகோதரர்களைப் பற்றிய பேச்சு. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு பத்துப் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாது. நான் சும்மா இருக்காமல், "திரையில் ரயில் வருவதைப் பார்த்து ஜனங்கள் எழுந்து ஓடினார்களாமே, சார்?" என்று கேட்டுவைத்தேன். அந்த ரயில் படம் அன்றைய பத்தில் இல்லவே இல்லை என்றார். ஓடியதற்கும் உறுதியான சான்று கிடையாதாம். எத்தனை பேரிடம் இந்தக் கதையை அளந்திருப்பேன்!

பிறகு, தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் படத்தை மூன்று முறை போட்டுவிட்டு, என்ன வித்தியாசம் என்று கேட்டார். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். கடைசி வரிசைப் பெண் ஒருத்திதான் கண்டுபிடித்தாள்: குதிரை. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி, ஒன்றில் இரட்டைக் குதிரை வண்டி, இன்னொன்றில் குதிரையே இல்லை. அதே காட்சியை மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். ரீடேக் சினிமாவோடு கூடப் பிறந்தது போலிருக்கிறது.

•

நான் போன முதல் திரையிடல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் 1959ஆம் ஆண்டுப் படம். ஆங்கிலத் தலைப்பை அப்படியே தமிழில் சொன்னால் 'நானூறு அடிகள்'. பையன் வாங்கப்போகும் அடிகளைப் பற்றிய படம் என்று நம்பி உட்கார்ந்தேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அப்பா அறைந்தபோது, "சரி, கணக்கு தொடங்கிவிட்டது" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னேன். நானூறு எங்கே வந்தது? பிரெஞ்சில் 'நானூறு அடி அடிப்பது' என்றால் அட்டகாசம் பண்ணித் திரிவது என்று பொருள் எனப் படம் முடிந்த பிறகு பேராசிரியை விளக்கினார். 'வாலை ஆட்டாதே' என்பதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் வாலைத் தேட மாட்டார்களா? நானும் அப்படித்தான் தேடியிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய கூத்து கடைசியில் நடந்தது. பையன் ஓடுகிறான், ஓடுகிறான், கடலைத் தொடுகிறான், நம் பக்கம் திரும்புகிறான். படம் அப்படியே உறைகிறது. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, மெஷின் ஹேங் ஆகிவிட்டது என்று பதறி ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டான். நின்ற படத்தை இன்னொரு முறை நிறுத்தினான்! இரண்டு நிமிடம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிலர் கைதட்டவும் தொடங்கிவிட்டார்கள். பேராசிரியை எழுந்து போய் மறுபடி தட்டிய பிறகுதான் 'முற்றும்' வந்தது.

•

அந்தத் தம்பிக்கு என் அனுதாபம். நான்கு வருடம் படம் ஓட்டும் அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். டிவிடி வாங்கிவிட்டால் போட்டுக் காட்டலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் பார்க்க வாங்கியதை அரங்கில் காட்ட முடியாது, பொதுத் திரையிடலுக்குத் தனி அனுமதி வேண்டும். முதல் வருடம் இது தெரியாமல் போஸ்டர் ஒட்டி, பிறகு நானே கிழித்தேன்.

அனுமதி கிடைத்தாலும் சப்டைட்டில் விடாது. ஒரு முறை தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அரை மணி நேரத்தில், ஆள் அறையைவிட்டுப் போன பிறகு அவருடைய வசனம் வந்தது. கணவன் சண்டை போட்டு முடித்து மனைவி அழும்போது, அடியில் "காப்பி போடட்டுமா?" என்று ஓடுகிறது. அரங்கமே சிரித்தது. அது சோகப் படம்.

காரணம் பிறகு பிடிபட்டது. சப்டைட்டில் கோப்பு விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள், என்ற கணக்கில் செய்தது. எங்கள் பிரதியோ ஐரோப்பிய டிவி முறையில் விநாடிக்கு 25 பிரேம் ஓடியது. படம் நான்கு சதவீதம் வேகம், எழுத்து பழைய வேகம். அரை மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிடும். அதிலிருந்து முதல் ஐந்து நிமிடத்தோடு விடாமல், கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பார்ப்பேன்.

•

மொழி படித்தவள் என்ற முறையில் ஒன்று. ஒரு வருடம் வகுப்பில் 'ஜு நு சே பா' என்று மணி மணியாகச் சொல்லப் பழகினேன். 'எனக்குத் தெரியாது' என்று பொருள். படத்தில் ஒருத்தர் வாயிலும் அது வரவில்லை. எல்லோரும் 'ஷே பா' என்று விழுங்கிவிட்டுப் போகிறார்கள். ஆனால் பிரெஞ்சிலேயே ஓடிய சப்டைட்டிலில் விழுங்கிய 'நு' பத்திரமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவள் ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்பட்டாள். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று, இது தமிழ் பேசுகிற நமக்குப் புதுசா? 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டுத் 'தெர்ல' என்கிறவர்கள்தானே நாம் என்றேன். அன்றிலிருந்துதான் பிரெஞ்சு மீதிருந்த பயம் போனது.

•

என்னுடையது சின்னது. கிறிஸ் மார்க்கர் இயக்கிய 'லா ஜெத்தே' படம், 1962, மொத்தமே 28 நிமிடம். முழுக்க முழுக்க அசையாத புகைப்படங்களும் பின்னணிக் குரலும். "ஒரே ஒரு இடத்தில் படம் அசையும், கவனியுங்கள்" என்று பேச வந்தவர் முன்பே எச்சரித்திருந்தார். தூங்கும் பெண் கண்ணைத் திறந்து இமைக்கிற இடம் அது, சில விநாடிதான். பையில் போன் அதிர்ந்தது. குனிந்து அணைத்தேன். சுற்றிலும் எல்லோரும் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் மறுபடியும் புகைப்படம்.